டிசம்பரில் ஒரே மேசையில் கேக்கும் குவில்ட்டும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய மேசைதான். சாப்பாடும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அதில்தான் நடக்கின்றன. டிசம்பர் வந்துவிட்டால் கேக் மாவு பிசைவதும் துணி வெட்டுவதும் அதில்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, இரட்டைக் கட்டிலுக்கு உரிய 90 × 100 அங்குல அளவில் குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்றைக் கிறிஸ்துமசுக்குள் முடித்துவிடலாம் என்ற துணிச்சலில் டிசம்பர் முதல் தேதி துணியை வெட்டத் தொடங்கினேன். இருபத்து மூன்றாம் தேதி இரவு அந்த விரிப்பு பாதி தைத்த நிலையில் மேசையில் குவிந்து கிடந்தது, கேக் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் ஆறிக்கொண்டிருந்தது, வெள்ளைத் துணியின் நடுவில் வெண்ணெய்க் கையின் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. விரிப்பு முடிந்தது ஈஸ்டருக்குத்தான்.

அந்த மாதத்தின் கணக்கைப் பின்னர் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, மணிநேரங்கள் போதுமானவையாகவே இருந்தன என்பதும் மேசைதான் போதவில்லை என்பதும் தெரிந்தன. கேக் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு: பழம் ஊற வேண்டும், வெண்ணெய் இளக வேண்டும், ஓவனில் ஒன்றரை மணிநேரம் வேக வேண்டும், பிறகு ஆற வேண்டும். தையலில் காத்திருப்பு கிடையாது. ஆனால் அகலமான இடம் கேட்கும் வேலைகள், மடியில் வைத்துச் செய்யும் வேலைகள் என்று அது இரண்டாகப் பிரியும். அகல வேலைகள் அனைத்தையும் நவம்பரிலேயே முடித்துவிட்டு, மடி வேலைகளை மட்டும் டிசம்பரின் காத்திருப்பு நேரங்களுக்குள் வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. கீழே எழுதியிருப்பது முழுவதும் இந்த ஒரு வழியைப் பின்பற்றியே அமைந்தது.

முதலில் தட்டுகளை எண்ணுவது

எதைச் சுடுவது என்று முடிவு செய்யும் முன்பு, எத்தனை வீடுகளுக்குத் தட்டு போக வேண்டும் என்று எண்ண வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய வீடுகள், ரம்சானுக்குப் பிரியாணி அனுப்பிய வீடுகள், உறவினர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள் என்று பெயர் பெயராக எழுதினால் எங்கள் பட்டியல் பதினான்கில் நிற்கிறது. ஒரு தட்டுக்கு நாற்பது கிராம் அளவில் இரண்டு கேக் துண்டுகளும் ஐந்து பிஸ்கட்டுகளும் என்று வைத்தால், ஏறத்தாழ 1,100 கிராம் கேக்கும் எழுபது பிஸ்கட்டுகளும் தேவை. கீழே தந்துள்ள அளவுகள் இந்தக் கணக்குக்குப் பொருந்துவன. வீட்டுக்கும் நானூறு கிராம் அளவில் கேக் மிஞ்சும்.

நள்ளிரவில் கேரல் பாடி வரும் முப்பது பேருக்கும் வீட்டில் சுட்ட கேக்கையே கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் விட்டுவிட்டேன். அவர்களுக்குப் பேக்கரியில் பிளம் கேக் வாங்கிக்கொள்ளலாம். குளிரில் தொண்டை கட்டப் பாடி வந்தவர்கள் அது எந்த ஓவனில் வெந்தது என்று கேட்பதில்லை. அச்சு முறுக்கு, கலகலா, முந்திரிக்கொத்து ஆகியவை எண்ணெய்ச் சட்டியில் தயாராவதால் அவற்றுக்கு அடுப்படியில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குள் தையலை நுழைக்க இடமில்லை. இவற்றை மைனியோ அத்தையோ செய்துதருவதாகச் சொன்னால் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, பதிலுக்குக் கேக்கில் பாதியைக் கொடுத்துவிடுவதே நல்ல உடன்பாடு.

நவம்பர்: ஊறுவதும் வெட்டுவதும்

ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தில், கிறிஸ்துமசுக்கு ஆயத்தமாகும் வாரங்களான ஆகமன காலத்துக்கு முந்தைய ஞாயிறுக்குரிய ஜெபம் ‘கிளறிவிடும்’ என்றும் பொருள் கொள்ளத்தக்க ஆங்கிலச் சொற்களுடன் தொடங்குவதால், இங்கிலாந்தில் அந்த ஞாயிறு கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறும் நாளாகவே ஆகிவிட்டது. அது நவம்பர் 20க்கும் 26க்கும் இடையில் வரும். அதற்கு அடுத்து, நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில், ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு வரும். அதிலிருந்து நான்கு ஞாயிறுகள் எண்ணினால் கிறிஸ்துமசின் வாசலில் வந்து நிற்போம். தேதிகளை நினைவில் வைப்பதைவிட இந்த ஐந்து ஞாயிறுகளை நினைவில் வைப்பது எளிது என்பதால், என் திட்டம் முழுவதும் ஞாயிறுகளை ஒட்டியே நடக்கிறது.

பழங்களை நவம்பர் முதல் வாரத்திலேயே ஊற வைத்துவிட வேண்டும். கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், செர்ரி, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி மொத்தம் 500 கிராம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, பழம் மூழ்கும் அளவுக்கு ரம் ஊற்றி இறுக மூடி, வாரம் ஒரு முறை புட்டியைக் குலுக்கி வைத்தால் போதும். டாஸ்மாக் கடைக்கு யார் போவது என்பது பல வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் தனி விவாதம். அதையும் நவம்பர் முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. மது சேர்க்காத வீடுகளில் ஆரஞ்சு அல்லது திராட்சைச் சாற்றில் பழங்களை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தெடுத்தால் போதும். ஆனால் சாற்றில் ஊறிய பழத்தை வாரக்கணக்கில் வெளியில் வைக்கக் கூடாது, அது புளித்துப் பொங்கிவிடும். எனவே மதுவில்லாத கேக் சுடும் நாள் டிசம்பர் 20க்குப் பிறகே வர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழம் ஊறிக்கொண்டிருக்கும் அந்த நான்கு வாரங்கள்தாம் துணியின் காலம். குவில்ட் என்பது மேலே ஒட்டுத்துணி, நடுவே மெத்தென்ற ஓர் அடுக்கு, அடியில் ஒரே துணி என்று மூன்றையும் சேர்த்து ஓட்டித் தைத்த விரிப்பு. பழைய நூல் சேலைகளை மடித்து அடுக்கி, பிறந்த குழந்தைக்கு ஓட்டுத்தையல் போட்டுத் தந்த பாட்டிமார்களுக்கு இது புதிய கலை அன்று. பண்டிகைக்குக் கட்டில் விரிப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளவாக்கில் விரிக்கும் 12 × 48 அங்குல விரிப்பு ஒன்று போதும். அது எல்லோர் கண்ணிலும் படும், நான்கு வாரத்தில் முடியும், மடியில் அடங்கும்.

துணிக்கடையில் மீட்டரும் தையலில் அங்குலமும் புழங்குவதால் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போக வேண்டும். நான்கு விதமான பருத்தித் துணிகளில் ஒவ்வொன்றும் கால் மீட்டர் வாங்க வேண்டும். 36 அங்குல அகலமுள்ள பாப்ளினில், கரையை ஒதுக்கிவிட்டு நாலரை அங்குலப் பட்டி இரண்டு வெட்டினால், ஒவ்வொரு பட்டியிலும் ஏழு சதுரங்கள் வரும். நமக்கு ஒவ்வொரு துணியிலும் ஒன்பது சதுரங்களே வேண்டும் என்பதால் தவறாக வெட்டியதற்கும் ஈடு இருக்கும். மொத்தம் 36 சதுரங்கள், மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. தையலுக்குக் கால் அங்குலம் போனபின் ஒவ்வொரு சதுரமும் நான்கு அங்குலமாக நிற்கும். அடித்துணியாக ஒன்றரை மீட்டர் வாங்கி, அதில் 16 × 52 அங்குலத் துண்டை வெட்டியபின், மிஞ்சும் அகலத்திலிருந்து நீளவாக்கில் இரண்டரை அங்குலப் பட்டிகள் மூன்று எடுத்தால், ஓரம் கட்டுவதற்கான 132 அங்குலமும் அதிலேயே கிடைத்துவிடும். தனியாகத் துணி வாங்க வேண்டியதில்லை.

எந்தத் துணி என்று கேட்டால், மதுரைச் சுங்குடியை நான் முதலில் சொல்வேன். சிவப்பிலும் பச்சையிலும் வெள்ளைப் புள்ளிகள் சிதறிய அந்தத் துணி, மார்கழி வானத்தையும் நட்சத்திர விளக்கையும் நினைவூட்டுவதால், கடைகளில் விற்கும் பனிமனிதன் அச்சுத் துணியைவிட நம் ஊர்க் கிறிஸ்துமசுக்கு நன்றாகவே பொருந்துகிறது. கரை கிழிந்து உடுத்த முடியாமல் போன பழைய சுங்குடிச் சேலை இருந்தால் இன்னும் மேல். தீபாவளி முடிந்தவுடன் துணிக்கடைகளில் கட் பீஸ் மலிவாகக் கிடைக்கும், தையற்காரரிடம் கேட்டால் ரவிக்கைத் துணியின் வெட்டுகளும் கிடைக்கும். ஆனால் அவற்றில் பாலியெஸ்டர் கலந்ததைப் பருத்தியோடு சேர்க்காமல் இருப்பது நல்லது, ஏனெனில் இஸ்திரிச் சூட்டில் ஒன்று சுருங்கும், மற்றது நிற்கும்.

சிவப்புத் துணி சாயம் விடும் என்பதை மறக்கக் கூடாது. வெட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். கறை இறங்கினால், தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும், தெளியாத துணியை வெள்ளையின் பக்கத்தில் வைக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த அலசல் எளிதன்று. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. மழை விட்ட ஒரு நாளைக் கண்டவுடன் எல்லாத் துணியையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டு, பாதி காய்ந்ததும் இஸ்திரி போட்டே உலர்த்திவிடுவது என் வழக்கம்.

நடு அடுக்குக்கு மெத்தைக் கடைகளில் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு கிடைக்கும். கட்டில் விரிப்புக்கு அது சரி. சாப்பாட்டு மேசைக்குச் சரியில்லை, சூடான பாத்திரத்தை வைத்தால் உள்ளே உருகிச் சப்பையாகிவிடும். இரண்டாக மடித்த பழைய பருத்தி வேட்டியோ, தேய்ந்த மெல்லிய பருத்திப் போர்வையோ இதற்கு மிகவும் ஏற்றது. பலமுறை துவைத்ததால் அது இனிச் சுருங்கவும் சுருங்காது.

சதுரங்களை வெட்டுவது, தரையிலோ மேசையிலோ பரப்பி நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது, மூன்று அடுக்கையும் விரித்துப் பின் குத்துவது ஆகிய மூன்றும் அகல வேலைகள். இவற்றை நவம்பரின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஞாயிறுகளுக்கு ஒன்றொன்றாக ஒதுக்கலாம். இடைப்பட்ட வார நாள்களில் இயந்திரத்தில் சதுரங்களை இணைக்கலாம். மூன்று சதுரங்களை ஒரு வரியாக இணைத்து இஸ்திரி போட எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது, அப்படிப் பன்னிரண்டு வரிகள், நாளுக்கு இரண்டு என்றாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். சட்டையும் ரவிக்கையும் தைத்துப் பழகிய கை அரை அங்குலம் விட்டுத் தைக்கவே போகும். இயந்திரத்தின் ஊசித் தட்டில், ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் ஒரு காகித டேப்பை ஒட்டிவைத்து, துணியின் ஓரம் அதை உரசிச் செல்லும்படி தைத்தால் எல்லாச் சதுரங்களும் ஒரே அளவில் நிற்கும். இஸ்திரி போடும்போது ஒரு வரியின் தையல்மடிப்பை மேல்நோக்கியும் அடுத்த வரியின் மடிப்பைக் கீழ்நோக்கியும் மடித்துவிட்டால், வரிகளை இணைக்கையில் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, நான்கு மூலைகளும் நேராகச் சந்திக்கும். இந்த ஒரு சிறு பழக்கத்தில்தான் பார்ப்பவர் ‘கடையில் வாங்கியதா’ என்று கேட்பதும் கேட்காமல் போவதும் இருக்கிறது.

மூன்று அடுக்கையும் விரிக்கும்போது அடித்துணியை நேர்ப்புறம் கீழே இருக்கும்படி மேசையில் இழுத்து டேப்பால் ஒட்டி, அதன்மேல் வேட்டியையும் அதன்மேல் ஒட்டுத்துணியையும் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்த வேண்டும். ஊக்கு குத்திய விரிப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டால் மேசை விடுதலையாகிவிடும். ஆகமன காலத்தின் முதல் ஞாயிறுக்குள் இந்தச் சுருள் தயாராகிவிட வேண்டும் என்பதே என் கெடு. தயாராகவில்லை என்றால், அந்த ஆண்டுக்கு விரிப்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். 24 அங்குலத்திலும் அது ஒரு தட்டுக்கு அடியில் அழகாகவே இருக்கும்.

முதல் ஞாயிறு: கேக்

மது சேர்க்கும் வீடுகளில் டிசம்பரின் முதல் வார இறுதியே கேக்கைச் சுட ஏற்றது. அதற்குப் பின் இருபது நாள் அது ஊறிச் சுவை கூடும். இதற்கு முந்தின நாள் இரண்டு காரியங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று, மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை எந்த நாள் என்று நாளிதழில் பார்ப்பது. இரண்டாவது, ஆறு அங்குல வட்டத் தகரங்கள் இரண்டும் ஓவனில் பக்கத்தில் பக்கத்தில் நுழைகின்றனவா என்று வெறும் தகரங்களை வைத்துப் பார்ப்பது. நுழையாவிட்டால் அளவைப் பாதியாக்கி இரண்டு மாலைகளில் சுடலாம்.

250 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் பொடித்த சீனியையும் நிறம் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, ஐந்து முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்; கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதாவைத் தூவி அடித்தால் சேர்ந்துவிடும். 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு நான்கும் சேர்த்துப் பொடித்தது ஒன்றரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்து, அதில் இரண்டு கரண்டியை எடுத்து வடித்த பழத்திலும் 100 கிராம் முந்திரிப்பருப்பிலும் பிசறி வைத்தால் அவை அடியில் போய்த் தங்காது. உப்பிட்ட வெண்ணெய் என்றால் வேறு உப்பு வேண்டாம்.

நிறத்துக்கு 100 கிராம் சீனியைத் தனியாக அடி கனத்த பாத்திரத்தில் கருக்க வேண்டும். கருஞ்சிவப்பு நிறம் வந்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, நீளக் காம்புள்ள கரண்டியால் 100 மில்லி வெந்நீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அது சீறித் தெறிக்கும் என்பதால் பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே அனுப்பிவிடுவது அவசியம். பாகு முற்றிலும் ஆறியபின் மாவையும் பாகையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, கடைசியாகப் பழத்தைக் கலந்து, வெண்ணெய் தடவி பட்டர் பேப்பர் விரித்த தகரங்களில் ஊற்றி, முன்பே பதினைந்து நிமிடம் சூடேற்றிய ஓவனில் 160 டிகிரியில் வைக்க வேண்டும். ஒன்றேகால் மணிநேரத்துக்குப் பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கத் தொடங்கலாம். மேற்பரப்பு முன்னதாகவே கருத்துவந்தால் அலுமினியத் தாளால் மூட வேண்டும்.

ஓவன் கதவு மூடியதிலிருந்து அந்த ஒன்றேகால் மணிநேரம் முழுவதும் தையலுக்கு உரியது. கைகளைச் சோப்பிட்டு இருமுறை கழுவி, மாவு படிந்த சேலையையோ நைட்டியையோ மாற்றி, மேசையைத் துடைத்துப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்ட பிறகே அலமாரியிலிருந்து சுருளை எடுக்க வேண்டும். வெண்ணெய்க் கறையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது முதல் பத்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும். இந்த நேரத்தில் அடுக்குகளை ஓட்டித் தைக்கும் வேலையைத் தொடங்கலாம். சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகத் தைத்துக்கொண்டே போனால் கோடு போட வேண்டிய தேவையே இல்லை, மூலைகளே வழிகாட்டும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் நகர்வது, 16ஆம் எண் ஊசி, மூன்று மில்லிமீட்டர் தையல் நீளம் ஆகியவை போதும். மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற இயந்திரத் துணைப்பாகம் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாதவர்கள் அழுத்துக்காலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி மெதுவாகத் தைக்கலாம், அல்லது தடித்த நூலில் கையாலேயே ஓட்டுத்தையல் போடலாம். கைத்தையலின் சீரற்ற புள்ளிகள் சுங்குடிப் புள்ளிகளோடு சேர்ந்து மிகவும் அழகாக இருக்கும்.

ஓவனும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடும் நாள் இது என்பதால் மின் இணைப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாதாரண 6 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். 1,500, 2,000 வாட் ஓவன்களை 16 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். ஓவனையும் இஸ்திரியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணைக்கவே கூடாது. சுடும்போது எதிர்பாராமல் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும், அரைமணி நேரத்துக்குள் திரும்பினால் பெரும்பாலும் கேக் பிழைத்துக்கொள்ளும். அறிவிக்கப்பட்ட மின்தடை நாளில் காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வெந்த கேக்கை முழுவதுமாக ஆறவிட்டு, மேலே ஆங்காங்கே குத்தி இரண்டு தேக்கரண்டி ரம் விட்டு, பட்டர் பேப்பரிலும் அதன்மேல் அலுமினியத் தாளிலும் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். இளஞ்சூட்டோடு சுற்றினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் இது விரைவாகவே நடக்கும். பிறகு வாரம் ஒருமுறை ஒரு தேக்கரண்டி ரம் போதும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: அரையாண்டுத் தேர்வு

இந்த இரு வாரங்களில் மேசை பிள்ளைகளுடையது. அதை வாதாடிப் பெற முயல வேண்டாம். ஓட்டித் தைத்து முடித்த விரிப்பின் ஓரங்களை அளவாக வெட்டி, ஓரப் பட்டியை இரண்டாக மடித்து இயந்திரத்தில் மேற்புறம் இணைக்கும் வேலை மட்டும் ஓர் இரவு கேட்கும். பிறகு பட்டியை அடிப்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங் போட வேண்டியதுதான். சுற்றளவு 120 அங்குலம். ஓர் அடிக்குப் பதினைந்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டரை மணிநேரம், நாளுக்குக் கால் மணிநேரமாகப் பத்து நாளில் முடிந்துவிடும். பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும், கேரல் பயிற்சிக்குப் போன பெண்ணை அழைத்துவர ஆலய வளாகத்தில் காத்திருக்கும்போதும், ரவிக்கை இன்னும் தயாராகவில்லை என்று தையற்காரர் உட்கார வைக்கும்போதும் இந்தச் சிறு சுருள் பையிலிருந்து வெளியே வரலாம். ஊசியும் நூலும் சிறு கத்தரியும் அதே பையிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கால் மணிநேரம் அவற்றைத் தேடுவதிலேயே போய்விடும்.

பிஸ்கட் மாவையும் இந்த வாரங்களில் ஓர் இரவு பிசைந்து வைத்துவிடலாம். 200 கிராம் வெண்ணெய், 120 கிராம் பொடித்த சீனி, 300 கிராம் மைதா, சிறிது வெனிலா சேர்த்துப் பிசைந்து, நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள உருளைகளாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம்வரை கெடாது. இருபது நிமிட வேலைதான். வேண்டும்போது எடுத்துச் சற்று இளகவிட்டு, ஆறு மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி, 170 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுட வேண்டும். அறுபது, எழுபது பிஸ்கட்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு தட்டும் வேகும் நேரத்தில் ஓர் அடி ஹெம்மிங் முடிந்துவிடும் என்பதை நான் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன்.

நான்காம் ஞாயிறுக்குப் பின்

கடைசி ஞாயிறு டிசம்பர் 18க்கும் 24க்கும் இடையில் வருவதால், சில ஆண்டுகளில் அதற்குப் பிறகு ஒரு வாரமும் சில ஆண்டுகளில் ஒரே ஒரு நாளும் மிஞ்சும். எந்த ஆண்டாக இருந்தாலும் இருபத்து இரண்டாம் தேதிக்குப் பிறகு ஊசியைத் தொடுவதில்லை என்பது என் விதி. ஹெம்மிங் ஒரு பக்கம் மிஞ்சியிருந்தால் அந்தப் பக்கத்தை இயந்திரத்திலேயே ஓட்டி முடித்துவிடலாம், அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மதுவில்லாத கேக்கை இருபதாம் தேதிக்கு மேல் சுட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பிஸ்கட்டுகளை இருபத்து மூன்றாம் தேதி சுடுவது சரியாக இருக்கும். மழை பெய்து அவை நமத்துப்போனால், 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

இருபத்து நான்காம் தேதி மாலையில் கேக்கை வெட்டுவதற்குப் பல்வைத்த ரொட்டிக் கத்தி ஏற்றது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத் துணியால் துடைத்தால் பழங்கள் பிய்ந்து வராது. தட்டுகளை நிரப்பும் வேலையை விரிப்பு போடாத மேசையில் முடித்துவிட்டு, எல்லாம் துடைத்த பிறகு, நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும் முன்பு விரிப்பைப் போட வேண்டும்.

மெழுகுவர்த்தி வைக்கும் வீடுகளில் மறுநாள் விரிப்பில் மெழுகு சொட்டியிருக்கும். அதைச் சுரண்டக் கூடாது. ஃப்ரீசரில் அரைமணி நேரம் வைத்து, இறுகிய மெழுகை உதிர்த்துவிட்டு, மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து மிதமான இஸ்திரியால் அழுத்தினால் மிச்ச மெழுகைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து அலசி, நிழலில் காயவைத்து, மடிக்காமல் ஒரு பழைய துண்டோடு சேர்த்துச் சுருட்டி வைக்க வேண்டும். மடித்தால் ஓராண்டில் மடிப்புக் கோடு நிரந்தரமாகிவிடும். சுருளுக்குள் ஒரு சிறு தாளில், இந்த ஆண்டு எத்தனை தட்டுகள் போயின, எத்தனை பிஸ்கட்டுகள் மிஞ்சின, எந்தச் சிவப்புத் துணி சாயம் விட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த நவம்பரில் அலமாரியைத் திறக்கும்போது முதலில் கைக்கு வருவது அந்தத் தாள்தான்.